தூங்குறவன் சீட்டு

என் அக்கா வீட்டுக்காரர் தாமோதரனுக்கு யாராவது பாராட்டு விழா வைத்தால், நான் மேடையேறி ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: இந்த மனுஷன் ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் ஒரு காரியத்தையும் துணிந்து செய்ததில்லை. மாமாவும் கீழே உட்கார்ந்தபடி ஆமாம் என்று தலையாட்டுவார். அவருக்கு அது வசவில்லை, நற்சான்று.

மார்ச் மாதத்தில் குடை எடுத்துப் போகிற ஆள் அவர். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பார். ஓட்டலில் இட்லி சாப்பிடுவார், சட்னியைத் தொடமாட்டார், அதில் எந்தத் தண்ணீரை ஊற்றினார்களோ என்று சந்தேகம். பெண் பார்க்க வந்தபோது இரண்டு நாளில் சொல்லி அனுப்புகிறேன் என்றவர் இருபத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அக்கா அந்த இருபது நாளை இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. எலக்ட்ரீஷியன் வேலை தெரியும், வேறொன்றும் தெரியாது. ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் செய்ததைத்தான் அவரும் செய்தார், சீசன் டிக்கெட் எடுத்தார். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூர் ஒயிட்பீல்டில் இறங்குவார். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் விளக்கும் மோட்டாரும் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்புவார். இருபத்திநான்கு வருஷம் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அக்காவோடு பேசிய நேரத்தைவிட கொர்னேலியஸோடு பேசிய நேரம் அதிகம் வரும். அக்காவுக்கு அதிலும் ஒரு புகார் உண்டு.

கொர்னேலியஸ் மைசூர் மைன்ஸ் பக்கம் குடியிருந்தவர். சுரங்கத்திலும் மாமாவோடு ஒரே ஷிப்ட். பிறகு ஒரு ஓட்டல் லாண்டரியில் பாய்லர் பார்க்கும் வேலைக்குப் போனார். குணத்தில் மாமாவுக்கும் அவருக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. சும்மா உட்காரத் தெரியாத பிறவி. ரயிலில் பக்கத்து சீட்டுப் பெண்மணியின் பை ஜிப்பைச் சரிசெய்து கொடுப்பார், யாரோ ஒருவருடைய குடைக் கம்பியை நிமிர்த்துவார், கிராசிங்குக்காக வண்டி நின்றால் இறங்கி எஞ்சின் வரைக்கும் நடந்துவிட்டு வருவார். வண்டி கிளம்பும்போது மாமா ஜன்னலில் தலையை நீட்டி அவரைத் தேடி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இந்த இருவரோடு சைலஸ் என்று மூன்றாவது ஒருவர், ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை பேசினாலே அதிகம்.

மூவரும் ரம்மி ஆடுவார்கள். முழங்கால்களின் மேல் வைத்துக்கொள்ள கொர்னேலியஸ் ஒரு மடக்குப் பலகை செய்திருந்தார். நாலாவது ஆள் மாறிக்கொண்டே இருப்பான், இவர்களுடைய சட்டதிட்டங்களைத் தாங்கமாட்டாமல் ஓடிவிடுவான். ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். சீட்டு மோசமாக வந்தால் ஆரம்பத்திலேயே கீழே வைத்து ட்ராப் என்று சொல்லிவிடலாம். இருபது பாயிண்ட்தான் ஏறும். வீம்புக்குக் கடைசி வரை ஆடித் தோற்றால் எண்பது வரைக்கும் ஏறும். பாயிண்ட் அதிகமானவர் பங்காரப்பேட்டையில் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

மாமா பத்து ஆட்டத்தில் ஏழு ட்ராப். சீட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே முகத்தில் அந்த யோசனை தெரியும். கொர்னேலியஸ் இருபத்திநான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட ட்ராப் சொன்னதில்லை. அவர் வாங்கிக் கொடுத்த டீயில் ஒரு சின்னக் குளத்தை நிரப்பலாம்.

அவர்களுடைய சட்டங்களில் விசித்திரமானது தூங்குகிறவன் பற்றியது. உழைத்துக் களைத்து வருகிறவர்கள்தானே, மாலூர் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் சீட்டைப் பிடித்தபடியே தூங்கிவிடுவார். அப்போது இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவர் சீட்டை வாங்கி ஆட வேண்டும். ஆனால் முதலில் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், அந்த ஆட்டம் அவருக்குக் கணக்கில்லை. அதைவிட முக்கியம், தூங்குகிறவர் எப்படி ஆடுவாரோ அப்படித்தான் ஆட வேண்டும். நம் சாமர்த்தியத்தைக் காட்டக் கூடாது. விழித்த பிறகு "நான் இப்பிடி ஆடமாட்டேன்" என்று அவர் சொன்னால் ஆட்டம் செல்லாது.

இது முதல் வருஷத்தில் நடந்த ஒரு சண்டையில் பிறந்த சட்டம். கொர்னேலியஸ் தூங்கியபோது சைலஸ் அவர் சீட்டைப் பார்த்தார், தேறாத சீட்டு, நல்ல எண்ணத்தில் ட்ராப் சொல்லிவிட்டார். கொர்னேலியஸ் விழித்துக்கொண்டு டேக்கல் தொடங்கி பங்காரப்பேட்டை வரைக்கும் கத்தினாராம். மறுநாளே சட்டம் போட்டார்கள். கொர்னேலியஸுக்கு இடப்பக்கம் நிரந்தரமாக மாமாவை உட்கார வைத்தார்கள். மாமாவுக்கும் பரம சந்தோஷம். பாயிண்ட் ஏறாமல் ஆடலாம் என்றால் அவரைவிட யார் குஷிப்படப் போகிறார்கள்? தூங்குகிற கொர்னேலியஸாக மாறிக் கண்மண் தெரியாமல் ஆடுவார், தோற்பார், விழித்ததும் கொர்னேலியஸ் பார்த்துவிட்டு "கரெக்டு, நானும் இதைத்தான் எறக்கியிருப்பேன்" என்பார். மாமா வாழ்க்கையில் துணிச்சலாக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

போன வருஷம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொர்னேலியஸ் பக்கத்து வீட்டு மிக்சியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். மூளைக்குள் பெரிய ரத்தக் கசிவு. கோலாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சுக்கு மெஷின். ஐந்து நாள் ஆகியும் கண் திறக்கவில்லை, கிள்ளினால் கை அசையவில்லை.

ஆறாம் நாள் அவர் மனைவி தெரசாவின் போன் வந்தது. டாக்டர் எதையோ கேட்கிறார், அதற்குப் பதில் தாமோதரன் அண்ணனுக்குத்தான் தெரியும், உடனே வர வேண்டும் என்றார். மாமா தனியாகக் கோலார் வரைக்கும் பஸ்ஸில் போகவே இரண்டு நாள் யோசிப்பார் என்பதால் ராபர்ட்சன்பேட்டையில் என் ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு நானே ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். வழி நெடுக, டாக்டர் என்ன கேட்பார், என்ன கேட்பார் என்று என் முதுகைக் குத்திக்கொண்டே வந்தார்.

நேத்ரா என்று இளவயது டாக்டர். கோலாரில் பிறந்து வளர்ந்தவர், பேச்சு கன்னடம் கலந்த தமிழ். தெரசாவையும், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் எல்வினையும், எங்களையும் உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். மூளையில் போனது திரும்பி வராது. இப்படியே தொடரலாம், தொடர்ந்தால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், மாதக்கணக்கில் கிடப்பார், விழிக்கமாட்டார். அல்லது மெஷினை எடுத்துவிட்டு, வலியில்லாமல் பார்த்துக்கொண்டு, இயற்கையின் போக்கில் விடலாம். அதற்கு இப்போது சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை, அதனால் நெருங்கினவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

"நோடி, பாருங்க, உங்களுக்கு இன்னா வேணும்னு நான் கேக்கல," என்றார் டாக்டர். "அவர் எழுந்து வந்து இந்த நாற்காலில உக்காந்து, தன் நெலமையைத் தானே பாத்தா, இன்னா சொல்வாரு? அதைச் சொல்லுங்க."

தெரசா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு இன்னாண்ணா தெரியும்? முப்பத்திமூணு வருஷம். இருட்டோட போவாரு, இருட்டினப்புறம் வந்து துன்னுட்டுப் படுப்பாரு. ஞாயித்துக்கெழமைன்னா ஊரு மிக்சி எல்லாம் அவுரு மடியிலதான். அவுரு மனசு உங்களுக்குத்தான் தெரியும்."

இருபத்திரண்டு நாள் யோசிக்கிற மனுஷன் அன்றைக்கு இரண்டு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் ட்ராப் போடவே மாட்டான் மேடம்," என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. மாமா ரம்மியை, தூங்குறவன் சீட்டை, சைலஸோடு போட்ட சண்டையை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். சீட்டாட்டத்தை வைத்தா இதை முடிவு செய்வது என்று டாக்டர் தயங்கினார். இருபத்திநான்கு வருஷம், தினம் நாலு மணி நேரம், இதைவிட எதை வைத்து ஒரு ஆளைத் தெரிந்துகொள்வீர்கள் என்று மாமா திருப்பிக் கேட்டார். எல்வின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தேங்க்ஸ் அங்கிள்," என்றான். மறுநாள் கழுத்தில் குழாய் வைத்தார்கள். கொர்னேலியஸை மெஷினோடு பக்கத்து வார்டுக்கு மாற்றினார்கள், அங்கே ஒருவர் பகலில் கூடவே உட்காரலாம்.

ஊர் முழுக்க மாமாவைப் பாராட்டியது. ஒரு உயிரைக் காப்பாற்றினவர் ஆயிற்றே. என் அக்காகூட அந்த வாரம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள். மாமாதான் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமையிலும், வேலை நாளில் லீவு போட்டும், கோலார் போய் வந்தார். போய் வந்த நாளெல்லாம் பூட்டை ஒரு தடவை மட்டும் இழுத்தார். அதைப் பார்த்து எனக்கே கவலை வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் சாயங்கால ரயிலில் சைலஸ் வாய் திறந்தார். இதை மாமாவே என்னிடம் சொன்னார். மாமா வழக்கம்போல, அந்தக் காலத்தில் உன்னிடம் எப்படிச் சண்டை போட்டான், ட்ராப் என்றால் அவனுக்கு ஆகாதே என்று ஆரம்பித்திருக்கிறார். சைலஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாராம்:

"அன்னிக்கு இன்னா சொல்லிச் சண்டை போட்டான், ஞாபகம் கீதா?"

மாமாவுக்கு ஞாபகமில்லை. திட்டு வாங்கினவருக்கு மறக்குமா? கொர்னேலியஸ் தோற்றதற்காகக் கத்தவில்லையாம். ஆட்டத்தின் நடுவில் கண் விழித்திருக்கிறார், மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், தன் கையில் சீட்டே இல்லை. "என்னை மரக்கட்டையாட்டம் உக்கார வெச்சிட்டீங்களேடா" என்றுதான் பங்காரப்பேட்டை வரைக்கும் கத்தியிருக்கிறார். ட்ராப் சொன்னால் அந்த ஆட்டம் முடிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். அதுதான் அவருக்கு ஆகாது. அதற்கு எண்பது பாயிண்டில் தோற்பதே மேல். டெங்கு வந்து மூன்று நாள் படுத்தபோது வார்டு பேன் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு, டாக்டர் சொல்வதற்கு முன்பே வீட்டுக்கு நடந்தவர் அவர். இத்தனையையும் சைலஸ் ஒரே மூச்சில் பேசினாராம். அவர் வாழ்நாளில் பேசிய பேச்சில் பாதி அதுவாக இருக்கும்.

மாமா அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அன்றைக்கு அவரைக் கிண்டல் செய்யவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன், எந்த மரக்கட்டை நிலைக்கு அவன் பயந்தானோ அதிலேயே அவனைக் கட்டிப் போட்டுவிட்டேன் என்றார். அதைத் திருத்த வேண்டுமென்றால் அவர் திரும்பவும் போய், எல்லோர் முன்னாலும், அவனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை எல்வின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவும் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நாளைக்குக் காலையில் ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

முதல் பதில் சொல்லிப் பதினோராம் நாள் போனோம். அதே அறை, அதே நாற்காலிகள். மாமா எழுந்து நின்றுகொண்டு, தான் முன்பு சொன்னது தவறு, கொர்னேலியஸுக்கு இது வேண்டாம் என்று இருக்கும் என்றார். சைலஸ் சொன்னதையும் சொன்னார். எல்வின் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அங்கிள், அப்பா விடமாட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க. அதை வெச்சுதான் நான் தூங்கி எந்திரிக்கிறேன். இப்போ மாத்திச் சொல்றீங்க. இதுல எது அப்பா, எது நீங்க?"

"அன்னிக்குப் பேசுனது நான்தான்டா," என்றார் மாமா. "அவன் போய்ட்டா நான் யாரோட போவேன், யாரோட வருவேன்னு பயந்துகினு சொன்னேன். என் சீட்டைக் கவுக்காமலே அவன் சீட்டைக் கையில எடுத்துட்டேன்."

டாக்டர் நேத்ரா சுலபமாக விடவில்லை. அந்த நிலையில் அவரைப் பார்க்க உங்களால் முடியவில்லை, அதனால் இப்படிச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

"எனக்கு அவன் வேணும் மேடம்," என்றார் மாமா. "இப்பிடியே கெடந்தாலும் வேணும். வந்து காலைத் தொட்டுப் பாத்துட்டுப் போவேன், அதுவே எனக்குப் போதும். நான் ஆசைப்படுறதுக்கு நேர் எதிரா ஒரு பதில் வருது பாருங்க, அதனாலதான் அது அவன் பேச்சுன்னு சொல்றேன்."

எல்வின் எழுந்து வெளியே போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். மெஷினை எடுத்தால் அப்பாவுக்கு மூச்சுத் திணறுமா, தவிப்பாரா என்று மட்டும் கேட்டான். தவிக்காமல் இருக்க மருந்து இருக்கிறது, கடைசி வரைக்கும் தானே கூட நிற்பதாக டாக்டர் சொன்னார். எல்வின் அம்மாவைப் பார்த்தான். தெரசா பேனாவைக் கேட்டார்.

அதற்குப் பிறகும் எளிதாக முடியவில்லை, முடியவும் கூடாது. ஆஸ்பத்திரியின் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். பிறகு வேறு மூன்று பேர், அதில் ஒருவர் மாவட்டத்து அதிகாரி அனுப்பியவர், தனியாகப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போயிற்று. அந்தக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்தவன் நான்தான். கடை மெஷின் மூன்று தடவை சிக்கியது, மூன்று தடவையும் அதைத் திட்டினேன். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷினை எடுத்தார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார். எல்வின் அப்பாவின் தலைமாட்டில், தெரசா பக்கத்தில், மாமா கால்மாட்டில். கொர்னேலியஸ் நாற்பது நிமிஷம் தானாகவே மூச்சு விட்டார். முகம் சுளிக்கவில்லை. பிறகு நின்றுவிட்டது. சைலஸ் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரசா எங்கள் அக்கா வீட்டுக்கு வந்தார். நினைவு ஜெபத்துக்குக் கூப்பிட வந்திருந்தார். அக்கா காபி போட உள்ளே போனாள். மாமா இந்த ஒரு மாதமாக மனதில் வைத்துப் புழுங்கியதைச் சொல்லிவிட்டார். முதல் நாளே சரியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பதினோரு நாளும் கழுத்தில் துளையும் அவனுக்கு வந்திருக்க வேண்டாம், அது தன்னால் வந்தது, தன்னை மன்னிக்க வேண்டும் என்றார்.

தெரசா புடவைத் தலைப்பை மடித்து மடியில் வைத்தார்.

"அந்தப் பதினோரு நாளும் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவுரு பக்கத்துலயே உக்காந்திருந்தேண்ணா," என்றார். "கையைப் புடிச்சிகினு எல்லாத்தையும் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்திமூணு வருஷத்துல அவ்ளோ நேரம் பகல்ல அவுரைப் பாத்ததே இல்ல. நீங்க மொத நாளே சரியாச் சொல்லியிருந்தா எனக்கு அது கெடைச்சிருக்காது."

மாமா தலை நிமிரவில்லை. "அது உனக்குக் கெடைச்சதும்மா. அவனுக்கு?"

"அவுருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றார் தெரசா.